பத்தாம் தலம்

மார்ச் 14, வியாழன்

காற்றே இல்லை. விடிய ஐந்தரைக்கே புழுக்கம். கரைப்பக்கமிருந்து கருவாட்டு மணம் மட்டும்.

செய்ய வேண்டியவை: ஊதாத் துணிகளைத் தோய்த்தல் (தவக்காலம், ஞாயிறுக்கு முன் கோயில் சுரூபங்களை மூட வேண்டும்). மறைக்கல்விப் பிள்ளைகளின் வரவுப் புத்தகம். றெஜினாவுக்குப் பஞ்சு, பழைய வெள்ளைத் துணி. சீனி முடிந்தது.

காலைப் பூசைக்குக் கையில்லாத சட்டையோடு இரண்டு பெட்டைகள். வாசலில் வைத்தே சால்வை கொடுத்தேன். ஒருத்தி முறைத்தாள். முறைக்கட்டும். முப்பது வருஷம் இந்த வாசலில் நின்று எத்தனை முறைப்பைப் பார்த்தாயிற்று. "ரீச்சர் இன்னும் இருக்கிறாவோ" என்று மற்றவள் குசுகுசுத்தாள். ஓம், இருக்கிறேன். நான் செத்த பிறகு வாசல் உங்களுக்குத்தான்.

பத்து மணிக்குத் தம்பி வீடு. கடலால் வந்து அப்படியே விறாந்தையில் படுத்திருந்தான், உடுப்பும் மாற்றவில்லை. றெ.யின் அறையில் சாம்பிராணி போட்டும் புண்ணின் மணம் அடங்கவில்லை. தம்பி பெண்சாதி என்று பெயர். எனக்கு இருபத்தாறு வருஷமாக இருந்த ஒரே கூட்டாளி அவள்தான். டிலானி தாய்க்குத் துணி மாற்றினாள். புடவைக்கடை வேலைக்கு இரண்டு மாதமாகப் போகவில்லை, பாவம். நான் திரைக்கு வெளியே நின்றேன். எப்போதும் வெளியேதான்.

வெளியே வந்து கை கழுவிக்கொண்டு கேட்டாள், ஏன் மாமி அம்மா ஒருவருக்கும் சொல்லாமல் இருந்தவ, நேரத்தோடு சொல்லியிருந்தால் வெட்டி எடுத்திருக்கலாமாமே என்று. வெட்கம்தான் பிள்ளை என்றேன்.

ஒருவருக்கும் சொல்லவில்லை என்பது பொய். எனக்குச் சொன்னாள்.


மார்ச் 15, வெள்ளி

மத்தியானம் மழை வருமாப்போல் இருட்டிவிட்டு வரவில்லை.

மாலை சிலுவைப்பாதை. கோயில் நிறையச் சனம். பத்தாம் தலம் வாசிப்பது என் பங்கு. ஆண்டவருடைய உடுப்பை உரிந்த இடம். மற்றத் தலங்களை ஆறுதலாக வாசிப்பார்கள். நான் இதை ஓடி ஓடித்தான் முடிப்பேன். பெரிய பாடுபட்ட சுரூபத்தில் இடுப்புத் துண்டு சற்று இறங்கினாற் போல இருக்கும், அந்தப் பக்கம் நிமிர்வதே இல்லை. பெரிய வெள்ளியில் காயத்தைக் குனிந்து முத்தி செய்யும்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். சனம் அதைப் பக்தி என்று நினைக்கும்.

இன்று வாசிக்கும்போது புண்ணோடு ஒட்டிய துணியை உரிந்தார்கள் என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. காலையில் துணி மாற்றும்போது றெ. முனகினது காதுக்குள். சனம் இருமத் தொடங்கிவிட்டது. பிறகு எப்படி முடித்தேனோ தெரியாது.

எழுதிவிடுகிறேன். ஒருவரும் பார்க்காத கொப்பிதானே.

போன ஆவணி. மாதா திருநாளுக்கு முதல் நாள். பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துவிட்டு என்னை அறைக்குள் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். சட்டைக் கொளுக்கியைக் கழற்றினாள். "மச்சாள், இதிலை ஒரு கட்டி. ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டேன். "உதை மூடும் றெஜினா."

அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னேன். பெண்ணின் உடம்பு தேவாலயம், கண்ட ஆம்பிளை டொக்டருக்கெல்லாம் திறந்து காட்டுகிற சாமானில்லை, லேடி டொக்டர் வரட்டும் பார்ப்போம் என்றேன். மந்திரித்த எண்ணெய்ப் போத்தல் ஒன்றும் கொடுத்தேன். வகுப்பில் பெட்டைகளுக்குச் சொல்கிறதைத்தான் அவளுக்கும் சொன்னேன். அவள் கொளுக்கியைப் பூட்டிக்கொண்டு போய் மிச்சப் பலகாரத்தைச் சுட்டாள்.

லேடி டொக்டர் எந்த நாள் வருவா என்று நானும் விசாரிக்கவில்லை, அவளும் திரும்பக் கேட்கவில்லை. மார்கழி வந்து நத்தாரும் போயிற்று. தைக் கடைசியில் புண் உடைந்தது.


மார்ச் 16, சனி

சுரூபங்களை மூடினோம். எங்கள் சபைத் திரேசம்மா ஏணி பிடிக்க நான் ஏறினேன். முழங்கால் விட்டுப்போயிற்று. ஒரு துணி தோய்த்ததில் சுருங்கி, சூசையப்பரின் கால் வெளியே. ஊசிநூலால் ஒரு துண்டு வைத்துத் தைத்தேன். "கால் தெரிஞ்சால் என்ன, ரீச்சர்" என்று திரேசம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாவசங்கீர்த்தனம். சொன்னவை: கோபம், புறணி, இரண்டு நாள் செபமாலை தவறியது, சந்தையில் மீன்காரியோடு வாய். சொல்லாதது: அது.

அடக்கத்தை எந்தப் பாவத்தின் கீழ்ச் சொல்வது? பாதருக்கு முப்பது வயதிருக்கும். அவருக்கு முன்னால் மார்பு என்ற சொல்லை எப்படிச் சொல்வது? இங்கே எழுதவே கை கூசுகிறது. ஐம்பத்தேழு வயதுக் கிழவிக்கு வந்த கூச்சம்.

பின்னேரம் றெ.யோடு தனியே. பாதர் வந்து எண்ணெய் பூசி, அவஸ்தைப்பூசுதல் முடிந்து நாலு நாள். நல்ல நினைவோடு இருந்தாள். செத்த பிறகு தன்னை மலர்ச்சாலைக்குக் கொடுக்க வேண்டாம், அங்கே ஆம்பிளையள் தொடுவார்கள் என்றாள். "நீங்கள் கழுவுங்கோ மச்சாள். நீங்கள் பாக்கமாட்டியள்."

நம்பிக்கையில் சொன்னாளா, குத்தினாளா? முகத்தைப் பார்த்தும் பிடிபடவில்லை. ஓம் என்றேன்.

எங்கள் சபைப் பெண்கள் கழுவும் முறையை அவளும் அறிவாள். எத்தனை செத்தவீட்டில் என்னோடு நின்றவள். இரண்டு பேர் உடம்புக்கு மேலே சீலையை இழுத்துப் பிடிப்பார்கள். மற்றவர் அதன் கீழே கையை விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கைத்தடவலில் கழுவ வேண்டும். உயிரோடு மறைத்த உடம்பைச் செத்த பிறகும் பார்க்கக் கூடாது என்று நான்தான் இவர்களுக்குப் பழக்கினேன். எத்தனையோ பேரைக் கழுவினேன். ஒருத்தியையும் பார்த்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.


மார்ச் 17, ஞாயிறு

வெயில். கிணற்றுத் தண்ணீர் கலங்கல், உப்பும் கூட.

பூசை முடிந்து தம்பி வீட்டுக்குப் போனபோது நேர்ஸ் வந்திருந்தா. ஊசி போட்டுவிட்டு டி.யைக் கூப்பிட்டு, தாய்க்கு வந்தபடியால் நீரும் ஒருக்காக் காட்ட வேணும், புதன்கிழமை கிளினிக் இருக்கு என்று சொல்லிப்போட்டுப் போனா. டி. தலையாட்டினாள். நேர்ஸ் படலை தாண்டியதும் என்னிடம் வந்தாள்.

"அங்கை டொக்டர் ஆம்பிளையாம். எனக்கு ஏலாது மாமி. நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்."

குத்திச் சொல்லவில்லை. பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குப் பிடித்ததைச் சொல்கிற முகம். இருபத்துநாலு வயது. இதற்குத்தானா நான் அந்த வாசலில் முப்பது வருஷம் நின்றேன்?

குசினிக்குள் அரிசி கழுவப் போனாள். பின்னாலே போனேன். செபமாலையில் ஒரு மணி உருட்டுகிற நேரம்கூட எடுக்காமல் சொல்லி முடித்தேன்.

"கொம்மா ஆவணியிலையே எனக்குக் காட்ட வந்தவ. நான் பாக்கேல்லை. டொக்டரிட்டைப் போகவேண்டாம் எண்டதும் நான்தான். நீ போ பிள்ளை. யாராயிருந்தாலும் காட்டு."

அவள் திரும்பவில்லை. அரிசியைக் கழுவி ஊற்றினாள், திரும்பக் கழுவினாள். தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவிக்கொண்டே நின்றாள். தகப்பனுக்குச் சொல்லாதே என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அந்த அளவுக்காவது.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. பாணும் சம்பலும் அப்படியே மூடி இருக்கிறது.


மார்ச் 18, திங்கள்

வெக்கை. நாய் கூட வெளியே வரவில்லை.

டி. என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி தந்தாள், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. நான் புறப்படும்போது மட்டும், "புதன் போறன். நீங்கள் வரத்தேவையில்லை" என்றாள்.

போகிறாள். அது போதும். போதும் என்று எழுதிவிட்டேன், ஆனால் நெஞ்சு கேட்கவில்லை. அவளுடைய முதல் நன்மைப் பூசைக்கு உடுப்புத் தைத்தது நான்.

தம்பிக்கு இன்னும் தெரியாது. "அக்கா, நீங்கள் இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்" என்றான். மண்டையில் அடித்தால் கூட அவ்வளவு நொந்திருக்காது.

றெ.க்கு மூச்சு இழுக்கிறது. என்னைத் தெரியவில்லை.


மார்ச் 19, செவ்வாய்

றெ. காலை ஆறு பத்துக்கு. தம்பி கடலுக்குப் போகாமல் நின்றது நல்லதாயிற்று.

சொல்ல வேண்டியவர்கள்: பாதர், மன்னாரில் அவள் தமக்கை, பெட்டிக்காரர், சவக்காலையில் குழி வெட்டுகிறவர். எல்லாம் நான்தான் சொன்னேன்.

இரண்டு மணிக்குக் கழுவத் தொடங்கினோம். திரேசம்மாவும் இன்னொருத்தியும் சீலை பிடித்தார்கள். வாளி, சவுக்காரம், ஒடிக்கொலோன், வெள்ளைச் சேலை. நான் கையை நனைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினேன்.

கதவு திறந்தது. டி. நின்றாள். பிள்ளைகள் தாயைக் கழுவுவது எங்களில் இல்லை, வெளியில்தான் இருப்பார்கள். வந்து கதவைச் சாத்திவிட்டு, சீலையை எடுக்கச் சொன்னாள். திரேசம்மா, உது வழக்கமில்லைப் பிள்ளை என்றா. டி. அவவைப் பார்க்கவே இல்லை. சத்தம் உயர்த்தாமல் எனக்குச் சொன்னாள்.

"அம்மா முதல் உங்களுக்குத்தான் காட்ட வந்தவ. பாருங்கோ மாமி."

செத்தவளுக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இது ஒரு பக்கம். யாருடைய பேச்சைக் கேட்பது? மாதாவே என்றேன், வாய்க்குள். பிறகு சீலையை நானே எடுத்தேன்.

நாற்பத்தொன்பது வயது. வடிவான தோள். வயிற்றில் டி.யை வெட்டி எடுத்த தழும்பு. வலது பக்கம் வாடாமல், பிள்ளை பெற்ற பெண்ணின் மார்பு. இடது பக்கம் மார்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. கறுத்து, ஓரம் தடித்து, நடுவில் என் விரல் மொளி போகிற குழி. இதை வைத்துக்கொண்டு நத்தாருக்கு எனக்குக் கேக் கொண்டுவந்து தந்தாள்.

கழுவினேன். எல்லா இடமும், பார்த்துப் பார்த்து. முகத்தைத் திருப்ப ஒருமுறை மனம் வந்தது, டி. எதிரே நின்று என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.