குளியலறை பிளக்கில் அப்பா செய்த வேலை

அன்புள்ள கண்ணா,

நாங்கள் மூவரும் நலம். எப்போதும் யோசிக்காமல் எழுதுகிற வரி, இன்று எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். நீ நலமா? உன் குளியலறை பிளக் நலமா? சிரிக்காதே. போன வாரம் நீ கூப்பிட்டு, ஹீட்டரைப் போட்டாலே டிரிப் ஆகிறது என்றபோது, டிரிப் சுவிட்சை ஒதுக்கிவிட்டு வயரை நேராகச் சேர்த்துவிடும் வழியை அப்பா சொல்லிக்கொடுத்தாரே, அதைச் செய்யாதே. நேற்று போனில் பதறிக்கொண்டு இதைத்தான் சொன்னேன். செய்துவிட்டாயா என்று கேட்டதற்கு "சரிம்மா, பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாய். உன் "பாத்துக்கறேன்" எனக்குத் தெரியாதா, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் வீட்டுக் கூத்து உனக்குத் தெரியும். யார் குளிக்கப் போனாலும் ஹீட்டரைப் போட்டதும் கரண்ட் போகும், உள்ளேயிருந்து "விழுந்துடுச்சு" என்று ஒரு கத்தல், கூடத்தில் இருப்பவர் ஓடிப்போய் சுவிட்சைத் தூக்கிவிட வேண்டும். மூன்று வாரத்துக்கு முன், தையல் மிஷின் மோட்டாரையே பிரித்து மாட்டுகிறவனுக்கு இது ஒரு வேலையா என்று அப்பா போர்டைத் திறந்து வயரை மாற்றினார். அதன்பின் ஒருமுறைகூட விழவில்லை. நான்தான் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினேன். நேற்று காலை மின்விசிறி பார்க்க எலக்ட்ரீஷியன் வந்தார், நான் சும்மா இராமல் "எங்க வீட்டுக்காரரும் இப்போ உங்க தொழில்தாங்க" என்று பெருமையடித்தேன். அவர் போர்டைப் பார்த்தார், ஏணியை அப்படியே விட்டுவிட்டுக் குளியலறைக்குப் போனார், ஹீட்டரைப் போடச் சொல்லிக் குழாயில் டெஸ்டரை வைத்தார். டெஸ்டரின் விளக்கு எரிந்தது. குழாயில், கண்ணா. நாம் வாய் கொப்பளிக்கிற குழாயில். ஹீட்டர் காயில் வெடித்துத் தண்ணீரில் கரண்ட் கசிகிறதாம், எர்த் வயர் சுவருக்குள் துருப்பிடித்து அறுந்து கிடக்கிறதாம், அந்தக் கசிவைக் கண்டுதான் சுவிட்ச் தினமும் விழுந்திருக்கிறது. "காவல் நாய் குரைக்குதுன்னு அதோட வாயைக் கட்டிட்டீங்களேக்கா" என்றார்.

நானும் அப்பாவும் ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான் குளிப்போம். உன் தங்கை அணைக்கவே மாட்டாள், ஆனால் ரப்பர் செருப்போடு குளிப்பாள். "குளிக்கிற இடத்துல என்னடி செருப்பு" என்று நான் திட்டாத நாளில்லை. நேற்று காலைதான் அதை எடுத்துக் குப்பையில் போட்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் டெஸ்டரைப் பிடித்தபடி நின்றபோது அவள் தோளில் துண்டோடு, "சீக்கிரம் முடிங்கண்ணா, காலேஜுக்கு நேரமாச்சு" என்று வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். வெறுங்காலோடு. எந்த வேலை செய்தாலும் அந்தக் கால்கள்தான் என் கண்ணில் நிற்கின்றன.

இப்போது எல்லாம் மாற்றியாகிவிட்டது. நீங்களே அவனிடம் பேசுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "நான் எதைச் சொன்னாலும் அவன் கேட்டுடுவான், அதான் பயமா இருக்கு. சொன்ன அன்னைக்கே செஞ்சிருப்பான்" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

ஆகவே கண்ணா, மெயினை அணை, ஹீட்டரைத் தொடாதே, வேலை தெரிந்த ஆளைக் கூப்பிட்டுக் காட்டு. அதுவரை வேண்டுமானால் குளிக்காமல் இரு, நாற்றம் இவ்வளவு தூரம் வராது. வயரை மாற்றிவிட்டாய் என்றால் மறைக்காமல் சொல், திட்ட மாட்டேன், திட்டுவதற்கு இங்கே யாருக்கும் முகமில்லை. நீ நீண்ட ஆயுளோடு, ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

மறக்காமல் அப்பாவின் போனுக்கே கூப்பிடு. நேற்றிலிருந்து மணி அடித்தால் அவர் எடுக்காமல் என் முகத்தைப் பார்க்கிறார்.

உன்
அம்மா