சாய்ந்த ஏரி

பிப்ரவரி 6, வியாழன்

தார்ன்பி கேமரா கிளப்பின் செயலாளர் பெரில் படப்பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் திறந்த போட்டி, நான் நடுவர். வந்த படங்களில் பாதி மீன்கொத்தியாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 7

மீன்கொத்தி. பால் மாதிரி வழியும் அருவி. மறுபடி மீன்கொத்தி. அப்புறம் – வில்ஃப்.

என் கணவர் வில்ஃப். அல்ஸ்வாட்டர் ஏரியில் துடுப்புப் படகு. வாய் நிறைய சாண்ட்விச், கண்ணை இறுக்கிக்கொண்டு சிரிக்கிறார். போய் நாலு வருஷம் ஆகப்போகிறது. டீ ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

யார் எடுத்தது? நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஏதோ ஒரு ஞாயிறா? கேமராவைத் தூக்கினாலே பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல விறைத்துக்கொள்ளும் மனுஷன். அவர் சிரிக்கிற படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அந்தச் சிரிப்பே மறந்துபோயிருந்தது எனக்கு. என்ன சொல்லிச் சிரிக்க வைத்தார்கள் இவரை?

பிப்ரவரி 9

தார்ன்பியில் முதல் பரிசுக்காரரின் பெயரை மட்டும்தான் வாசிப்பார்கள். தோற்றவர் மனம் நோகக்கூடாதாம். எடுத்தவரும் கூட்டத்தில் வாய் திறக்கக்கூடாது. பெரிலிடம் கேட்டும் பயனில்லை. சொந்த அண்ணனுக்கே அவள் சொன்னதில்லை.

பரிசு கொடுத்தால் யாரென்று தெரியும். கொடுக்காவிட்டால் தெரியாது.

பிப்ரவரி 10

ஆனால் அந்த சலவைக் கடைப் படம் இருக்கிறதே. ஒரு கிழவி, கூட மடிக்க ஆளில்லாமல் போர்வையின் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு நிற்கிறாள். அதுதான் நல்ல படம். எத்தனை தரம் பார்த்தாலும் அதுதான்.

பிப்ரவரி 13, வியாழன்

முடிந்தது. வில்ஃபை எடுத்து விளக்கடியில் நிறுத்தினாள் பெரில். "முகம் அருமை. ஆனா ஏரி இடது பக்கம் சாயுது, தண்ணி வழிஞ்சிடும் போல" என்றேன். எல்லா நடுவரும் சொல்கிற பழைய ஜோக்தான். கூடம் சிரித்தது.

சலவைக் கடைக்குப் பரிசு. வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் எழுந்து வந்தாள். கை தட்டினேன். நியாயம்! வில்ஃபை எடுத்தவர் யாரென்று இனித் தெரியப்போவதில்லை.

கோட்டை மாட்டும்போது ஓர் உயரமான ஆள் வழியை மறித்தார், நார்மன் என்றார். தோற்றவர் யாரோ சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏரி சாயலைங்க. படகுதான் சாஞ்சுது. அந்தாள் சிரிச்ச சிரிப்புல கவுந்தே இருப்போம்."

யார் அந்தாள் என்று கேட்டேன். தெரியாதாம். அன்று படகு பற்றாமல் இரண்டு பேரையும் ஒரே படகில் ஏற்றிவிட்டார்களாம்.

"எதுக்கு அப்படிச் சிரிச்சார்?"

"ஒரு படம் எடுக்கட்டுமான்னு கேட்டேன். 'எடுங்க, ஆனா எங்க வீட்டுக்காரி கண்ணுல பட்டுடாம பாத்துக்கங்க, என் மூஞ்சிக்கும் மார்க் குறைச்சிடுவா'ன்னாரு. சொல்லிட்டு அவரே சிரிச்சாரு பாருங்க."

"குறைச்சுட்டேனே" என்றேன். அழுதேன். பாவம், நார்மன் தன் கைக்குட்டையைத் தேடித் தேடி முகம் சிவந்துபோனார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நார்மன் ஒரு பிரதி கொண்டுவந்தார். கணினியில் ஏரியை நேராக்கித் தரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

சமையலறையில் மாட்டியாயிற்று. குறை சொல்ல ஒன்றுமில்லை.