‘ஒண்ணுமில்லீங்க’ என்று சொன்னவள்

அடியே,

நம் புகார் ஃபோனை இன்று துடைத்தேன். அதன் முதுகில் நீ ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டு இன்னும் விழவில்லை. இதுநாள்வரை நம் அமைப்புக்குப் பணம் கொடுத்துவந்த வெளிநாட்டு அரசு, மனித உரிமை அமைப்புகளுக்கு இனி ஆதரவு இல்லை என்று இரண்டே வரியில் எழுதிவிட்டது. நாளை அலுவலகத்தை மூடுகிறோம். பனியன் கம்பெனிப் பெண்கள் இனி யாரைக் கூப்பிடுவார்கள்? நீயாக இருந்தால் வாய் வலிக்கத் திட்டியிருப்பாய்.

அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒரு அம்மா வந்தாரே, அந்த ஞாயிற்றுக்கிழமை! உடுமலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கம்பெனி ஹாஸ்டலில் கோயிலுக்கு விடும் ஒரு மணி நேரத்தில் நம்மைத் தேடி வந்திருந்தாள். அவளுக்கு என்ன குறை என்று அந்த அம்மா கேட்டார்.

“ஒண்ணுமில்லீங்க” என்றாள் பெண்.

மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த நான் ‘நத்திங்’ என்றேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். என் தொடையில் கிள்ளினாய் பார், அப்பப்பா!

“ஏட்டி, உங்க ஊர்க்காரி ஒண்ணுமில்லீங்கன்னா, மனசு நெறைய இருக்குன்னு அர்த்தம். தூத்துக்குடிக்காரி நாஞ் சொல்லித் தரணுமா?” என்று காதைக் கடித்தாய். அப்புறம் அவளருகே நகர்ந்து, “சாப்ட்டயா கண்ணு?” என்று எங்கள் கொங்குப் பேச்சிலேயே கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாய். அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நீ அசையவில்லை.

“எங்கம்மாவுக்கு ஒடம்பு முடியலீங்க. ஊட்டுக்கு உட மாட்டேங்கறாங்க. என்ற ஃபோனையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க” என்று அவள் உடைந்து அழுதாள். அந்த அம்மா ‘நத்திங்’கை அடித்துவிட்டு இரண்டு பக்கம் எழுதினார். அந்த வாரமே அவளை உடுமலை பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அதன்பின் நீ என்னை ‘நத்திங்’ என்றேதான் கூப்பிட்டாய். எத்தனை கோபம் வரும் எனக்கு! இப்போது அப்படிக் கூப்பிட ஆளில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று, “என்னடி பண்ணுது?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்லீங்க” என்று சிரித்தாய். கேலி என்று நினைத்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று ஓடிவந்தேன். இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம்.

துடைத்துக்கொண்டிருந்தபோதே ஃபோன் அடித்தது. சின்னக் குரல்.

“ஏனுங்க, இந்த நம்பர் இருக்குதான்னு பாத்தனுங்க. ஒண்ணுமில்லீங்க.”

கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன். “சாப்ட்டயா கண்ணு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். வெகுநேரம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு பேச ஆரம்பித்தாள்.

நாளைக்குச் சாவியை ஒப்படைத்துவிடுவேன். ஃபோனைக் கொடுக்க மாட்டேன், போடி.