நாற்பது பேர்

அன்பு மகளுக்கு,

அப்பா ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். நலமாகத்தான் இருப்பார், நேற்றும் பொலிஸ் வாசலில் சாரமும் துவாயும் கொடுத்துவிட்டு வந்தேன்.

கிருலப்பனைச் சதுப்பை நிரப்பி மாடிவீடு கட்டுமுன் பறவைகளை எண்ணிக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. "குருவிகளைப் 'பேர்' எண்டு எழுதாதேங்கோ" என்று எத்தனை தரம் சொன்னேன்! சோதனைச் சாவடியில் என் கண்முன்னேதான் அவருடைய கொப்பியை வாசித்தார்கள்: "வடக்கிலிருந்து வந்தவர்கள் நாற்பது பேர். புல்லுக்குள் ஒளிந்திருக்கிறார்கள்."

"சேர், அது குளிருக்கு வடக்கிலிருந்து வாற உள்ளான் குருவி," என்றார் அப்பா.

"அப்ப எங்க, காட்டு," என்று அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதம் கெஞ்சி, இன்று ஓர் அதிகாரியைச் சதுப்புக்குக் கூட்டிப்போனேன். மண் நிரப்பி முடித்துவிட்டார்கள். ஒரு குருவிகூட இல்லை.

அதிகாரி கொப்பியைத் திறந்து மெதுவாகக் கேட்டார்: "நாற்பது பேரும் எங்க போனது?"

உன்
அம்மா