குத்தினால்தான் தெரியும்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் நலமா என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன், பதில் எழுது.

போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் பட்டென்று வைத்துவிடுகிறேன். அதனால்தான் மின்னஞ்சலில் கடிதம். நான் தட்டத் தட்ட இந்தக் கணினி வாய்விட்டுப் படிக்கிறது. உன் பதிலையும் இதுதான் எனக்குப் படித்துக் காட்டும். இதற்குக் கோபப்படத் தெரியாது. நீ எவ்வளவு திட்டி எழுதினாலும் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரிதான் காதில் விழும். யோசித்துத் திட்டு.

"கண்ணு தெரியாதவளுக்கு முள்ளுச்செடி எதுக்குடி?" என்று கேட்டாயே, இதோ பதில். முதலில் ரோஜாதான் வைத்தேன். இலை பழுத்ததும் புள்ளி விழுந்ததும் எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்தபோது குச்சிதான் மிச்சம். கள்ளி அப்படியில்லை, தன் சங்கதியைத் தன் உடம்பாலேயே சொல்லிவிடும். தொட்டியைத் தூக்கினால் மண் காய்ந்ததா என்று கனமே சொல்லும். சதைப்பற்றான இலையை லேசாக அழுத்துவேன். விறைப்பாக இருந்தால் தண்ணீர் போதும். துவண்டிருந்தால் தாகம். கொழகொழவென்றிருந்தால் நான் பாசத்தைக் கொட்டிக் கெடுத்துவிட்டேன் என்று அர்த்தம். (இது உனக்கும் பொருந்தும்.)

படுக்கையறை ஜன்னல் பலகையில் இப்போது ஆறு பேர் இருக்கிறார்கள். ஒருவன் முள் தூண்டில் மாதிரி வளைந்திருக்கும். பக்கத்தில் போனாலே சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வான். அவனுக்குக் கொக்கிக்காரன் என்று பெயர். இன்னொன்று குட்டிக் கற்றாழை. இலை முழுக்க வரிவரியாகச் சின்னப் புள்ளிகள். புள்ளியெழுத்து படித்துப் பழகிய விரலுக்கு அதைத் தடவினால் சிரிப்பு வரும். பக்கம் பக்கமாக அச்சடித்திருக்கிறது, ஒரு வார்த்தைக்கும் பொருள் கிடையாது. உன் ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி.

அண்ணியிடம் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை,
வாலு

*

மார்ச் 15

அன்புள்ள வாலு,

கத்தாமல் எழுத வேண்டும் என்று உன் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் மெதுவாகவே சொல்கிறேன்.

ஆறு செடிகளைப் பற்றி அழகாக எழுதினாய். உன் உள்ளங்கையில் முள் ஏறிய கதையை ஏன் எழுதவில்லை? கீழ்வீட்டு அக்காதான் போனில் சொன்னார்கள். "பூனை முடி மாதிரி பொடிப்பொடியா முள்ளு தம்பி. பிளாஸ்திரியை ஒட்டி ஒட்டிப் பிச்சு எடுத்தோம். அவ என்னடான்னா சிரிக்கிறா" என்றார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முள்ளில் சேலை பட்டாலும் சேலையில் முள் பட்டாலும் கிழிவது சேலைதான். உனக்குப் பார்வை முழுதாகப் போய் நான்கு வருடம் ஆகிறது. தனியாகச் சமைக்கிறாய், தனியாகப் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் நாள் முழுக்க டெலிபோன் லைன் போட்டுக் கொடுக்கிறாய். அதையே நான் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். இதில் முள் வேறா?

இங்கே உனக்கென்று ஓர் அறை தயாராக இருக்கிறது. கால் தடுக்கும் என்று அண்ணி விரிப்பைக்கூட எடுத்துவிட்டாள். வேலையை விட்டுவிட்டு வந்துவிடு. அம்மா போகிறபோது உன் கையை என் கையில்தான் வைத்துவிட்டுப் போனாள். அதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

மாதக் கடைசியில் வருகிறேன். நேரில் பேசுவோம்.

அண்ணன்

*

ஏப்ரல் 3

அண்ணா,

நேரில் பேசுவோம் என்று எழுதியிருந்தாய். வந்தாய், இரண்டு நாள் தங்கினாய், செடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சமையலறைக் குழாயைச் சரிசெய்தாய். அண்ணன் மாறிவிட்டான் என்று ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சில் உடன் வேலை பார்ப்பவளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு நீ ஊருக்குக் கிளம்பினாய். மாலை வந்து வழக்கம்போல ஜன்னல் பலகையில் கை வைத்தேன். வழவழவென்று ஏதோ பட்டது. பிளாஸ்டிக் பூ! அதில் சென்ட் வேறு அடித்து வைத்திருக்கிறாய்.

அண்ணா, யாராவது உன் வீட்டுக்கு வந்து, நீ ஆபீசில் இருக்கும்போது, உன் நன்மைக்காக என்று சொல்லி உன் பொருளை எடுத்துக்கொண்டு போனால் அதற்கு என்ன பெயர் வைப்பாய்?

கீழ்வீட்டு அக்கா உண்மையைச் சொல்லிவிட்டார்கள். நீ செடிகளை அட்டைப்பெட்டியில் வைத்து நர்சரியில் கொடுத்துவிட்டாயாம். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். நர்சரிக்காரர் கள்ளி வரிசைவரை கூட்டிக்கொண்டு போனார். அதற்கப்புறம் அவருக்கும் பயம் வந்துவிட்டது.

"ஐயோ கை வெச்சிடாதீங்கம்மா, குத்தும்!"

"குத்தினாத்தாங்க எனக்குத் தெரியும்" என்றேன்.

"உங்க அண்ணன் கொண்டாந்ததை இதோடதான் கலந்து வெச்சேன். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

ஒவ்வொன்றாகத் தொட்டேன். குத்தியது, வலித்தது, இரத்தமும் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து பேரை எடுத்துவிட்டேன். குட்டிக் கற்றாழைகள் மட்டும் நிறைய இருந்தன. என்னுடையதில் ஓர் இலை நுனி ஒடிந்திருக்கும், நான்தான் ஒரு நாள் முழங்கையால் தட்டிவிட்டேன். அது பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முள் குத்திவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்.

கொக்கிக்காரன் கிடைக்கவில்லை. காலையிலேயே யாரோ வாங்கிப் போய்விட்டார்களாம்.

உன்னிடம் இருக்கும் என் வீட்டுச் சாவியைத் தபாலில் அனுப்பிவிடு.

வாலு

*

ஏப்ரல் 12

அன்புள்ள வாலு,

செய்தது தப்பு என்று அண்ணி சொல்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. உனக்குப் பிடித்ததை எடுத்தேன், அது உண்மை. சின்ன வயதில் உன் கையிலிருந்து கத்தரிக்கோலைப் பிடுங்கியிருக்கிறேன். அப்போதும் இப்படித்தான் வீட்டையே இரண்டாக்கினாய்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. உன் கடிதம் வந்த அன்று கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்து பார்த்தேன். என் சொந்த வீடு. நாற்காலியில் முழங்கால் இடித்தது, பிறகு எது எந்தப் பக்கம் என்றே புரியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணி வந்துதான் துண்டை அவிழ்த்தாள். தினமும் உனக்கு இப்படித்தானே இருக்கும்? இப்படிப்பட்டவளை எப்படித் தனியாக விடுவேன்?

சாவியை அனுப்ப மாட்டேன். ஒருநாள் நீ விழுந்து கிடந்தால் யார் கதவைத் திறப்பது? அந்தக் கொக்கிச் செடி வேண்டுமானால் சொல், எங்கே கிடைத்தாலும் வாங்கித் தருகிறேன். ஆனால் நீ இங்கே வந்த பிறகு.

அண்ணன்

*

ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணா,

சிரிக்கவில்லை. முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தாயா?

உன் கடிதத்தை இந்த இயந்திரம் மூன்று முறை படித்தது. அதற்குக் கோபம் தெரியாது என்றேன். பயமும் தெரியாதுதான். ஆனால் உன் பயம் எனக்குக் கேட்டது. அதனால் கோபமில்லாமல் எழுதுகிறேன். கோபமில்லை என்பதால் இறங்கி வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

எப்போது வேண்டுமானாலும் துண்டை அவிழ்த்துவிடலாம் என்ற நினைப்போடு நடந்தவன் நீ. அதனால்தான் இடித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாய். எனக்கு அவிழ்க்க எதுவுமில்லை. நானும் இடித்துக்கொண்டேன், உட்கார்ந்து அழுதேன், பிறகு எழுந்து நாற்காலி எங்கே என்று கற்றுக்கொண்டேன். உன்னுடைய பத்து நிமிடத்தை வைத்து என்னுடைய நான்கு வருடத்தை எடைபோடாதே. என் நாள் உன் துண்டுக்குள் இருந்த மாதிரி இல்லவே இல்லை.

பழமொழி சொன்னாய். நான் சேலை கட்டுவதை விட்டே வெகுநாளாகிறது. அதோடு நான் சேலையும் இல்லை, கிழிவதற்கு. உள்ளங்கையில் ஏறிய முள்ளைப் பிடுங்கியபோது ஏன் சிரித்தேன் தெரியுமா? கீழ்வீட்டு அக்கா ஒவ்வொரு முள்ளுக்கும் "ஸ்ஸ்ஸ்" என்றார்கள். வலி எனக்கு, சத்தம் அவர்களுக்கு. நீயும் அப்படித்தான்.

வேலையை விடமாட்டேன். அறை தயார் செய்ததற்கு அண்ணிக்கு என் முத்தம். விரிப்பை மறுபடியும் விரிக்கச் சொல், விருந்தாளியாக வருகிறேன், தடுக்கினால் பார்த்துக்கொள்ளலாம். கொக்கிச் செடி வாங்க வேண்டாம். போன வாரம் நானே போய் வேறொன்று வாங்கினேன். இதன் முள் என் சுண்டுவிரல் நீளம். நர்சரிக்காரர் இப்போது "கை வெச்சிடாதீங்க" என்று சொல்வதில்லை. "இது எப்படி இருக்குன்னு தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கம்மா" என்கிறார்.

விழுந்து கிடந்தால் திறப்பதற்கு ஒரு சாவி கீழ்வீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். மற்ற நேரத்தில் என்னைக் கேட்காமல் உள்ளே வரமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். உன்னிடம் இருக்கும் சாவியை நீயே வைத்துக்கொள். நேற்று பூட்டை மாற்றிவிட்டேன்.

நீ வா அண்ணா. கட்டாயம் வா. வாசலில் மணி இருக்கிறது, அடி. நான் வந்து திறக்கக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை நில்.

உன் அன்புத் தங்கை,
வாலு