புது அடுக்கு

அன்புள்ள துணைவிக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. இதை மின்னஞ்சலில்தான் அனுப்புகிறேன். என் கை பட்ட காகிதம்கூட உங்கள் பக்கம் வரக்கூடாது.

உன் அம்மா நேற்று தொலைபேசியில் என்னை ஒரு பிடி பிடித்துவிட்டார். பெத்த பொண்ணு மூச்சுக்குத் தவிக்குது, எட்டிப் பார்க்க நேரமில்லாத அப்படி என்ன உத்தியோகம் என்று கேட்டார்.

உனக்காவது புரிய வேண்டும். நம் வாயாடி மகள் சாப்பிடும் மருந்து ஒரு உப்பு. அமிலமும் காரமும் கைகோத்து அடுக்கடுக்காய் நிற்கும் படிகம். பழைய அடுக்கில் பிடி தளர்வு. தண்ணீர் உள்ளே புகும், மாத்திரை கரையும். மழைக்காலத்தில், அதைத் தயாரிக்கும் எங்கள் தொழிற்சாலைத் தொட்டியில், யாரும் கேட்காமலே, புது அடுக்கு ஒன்று பிறந்து தொலைத்தது. அதே மூலக்கூறுகள்தான். ஆனால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கின்றன. வயிற்றில் கரையாமல் மணலாய்க் கிடந்து வெளியேறிவிடும். அதன் துகள் ஒன்று விழுந்தால் போதும், கரைசல் முழுவதும் அதன் பின்னாலேயே போய்விடுகிறது. எவ்வளவு கழுவியும் பழையது இங்கே திரும்பவில்லை.

எங்கள் மேலாளர் தலைக்குக் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டுதான் இரண்டாவது தொழிற்சாலைக்குப் போனார். மூக்குக்கண்ணாடியைப் பற்றி யோசிக்கவில்லை. அதன் மடிப்பில் ஒட்டியிருந்த துகள் அங்கேயும் வேலையைக் காட்டிவிட்டது. மனிதர் இப்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அந்தத் துகள் படாமல், பழைய மருந்தைச் செய்து பார்க்க மிச்சமிருப்பது உன் தம்பியின் ஆய்வகம் மட்டும்தான். அவன் தினமும் குழந்தையின் கட்டிலில் உட்கார்ந்து கதை அளந்துவிட்டு வேலைக்குப் போகிறான். நீயும் அவன் வீட்டில்தான் தூங்குகிறாய். நான் அங்கே எங்கே வந்து நிற்பது, சொல்.

அவனுடைய முதல் முயற்சி கூழாகிப் போனதாம். அடுத்தது சரியாக வரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உன்னிடம் பொய் சொல்லத் தெம்பும் இல்லை. கையிருப்பு மாத்திரைகள் தீர்வதற்குள் ஆகாவிட்டால், அவளை ஒருமுறை தூக்கிக்கொள்ளாமலே... வேண்டாம்.

அப்பாகூட டூ, பேச மாட்டேன் என்று அலைபேசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாளே, சமாதானப்படுத்தாதே. கோபிக்கவாவது தெம்பு இருக்கட்டும் குழந்தைக்கு.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். எவ்வளவு தாங்க முடியாமல் போனாலும், வாங்க என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ சொன்னால் நான் கிளம்பி வந்துவிடுவேன்.

உன் கணவன்