அண்ணாவுக்குப் பதிலாக

வெள்ளவத்தை,
12.02.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருளப்பனைப் பொலிசில் பிடித்துக் கொடுத்தது நீங்கள்தான். லண்டனில் இருந்துகொண்டே அதைச் செய்திருக்கிறீர்கள்.

யார் இருளப்பன் என்று கேட்பீர்கள். அட்டன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி. மனைவி றோஸிக்கு மார்பில் புற்றுநோய். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, தங்க இடமில்லாமல் ஒதுங்க வருபவர்களுக்கென்று பெரியப்பா நம் இருவர் பொறுப்பில் தருமசாதனமாக எழுதிவைத்த வீட்டுக்கு வந்தான். பின் அறையைக் கொடுத்துப் பொலிஸ் பதிவிலும் சேர்த்தேன்.

உங்களுக்குப் பதிலாக வீட்டைப் பார்க்க நீங்கள் அற்றோணித் தத்துவம் கொடுத்துவிட்டுப் போன அண்ணியின் மாமா, சிவபாதசுந்தரத்தார், ஜனவரியில் எனக்குத் தெரியாமல் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். "இது யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு எழுதின வீடு, தம்பி. உங்கட ஆக்களுக்குத் தோட்டத்தில குடியிருக்க லயம் இருக்குத்தானே." பதிவில் அவன் பெயரை வெட்டச் சொல்லிப் பொலிசுக்கும் கடிதம் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் மருதானையில் அவன் படுத்திருந்த லொட்ஜைச் சுற்றி வளைத்தார்கள். பதிவில்லாத தமிழன் என்று பிடித்துப் போனார்கள். உள்ளே போட்டு இன்றைக்கு இருபது நாள்.

சட்டத்தரணி ஸாலிஹ் பெரியப்பாவின் வீட்டு உறுதிப் பத்திரத்தை வாசித்தார். "தங்கச்சி, உங்கட லண்டன் நானாட ஆள் ஓடு மாத்தலாம், தண்ணி பில் கட்டலாம். ஆள வெளிய போடுறது பொறுப்பாளர்ட வேல. அத இன்னொருத்தர்ட கைல குடுக்க ஏலா" என்றார். அப்படியானால் அவனை அனுப்பியதும் பெயரை வெட்டியதும் செல்லாது. அவன் இன்னும் நம் வீட்டு ஆள். அதைப் பொறுப்பாளர்கள் நாம் இருவரும் சத்தியக் கடதாசியில் சொன்னால் அவனை விடச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கலாமாம். என்னுடையது தயார். உங்களுடையதை அனுப்புங்கள்.

அன்புத் தங்கை,
பத்மாவதி

லண்டன்,
25.02.1997

அன்புத் தங்கச்சி பத்மாவுக்கு,

உன் கடிதம் கண்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. இங்கே குளிர் கடுமை. அண்ணிக்கு முழங்கால் நோ. உன் இருமல் விட்டதா?

நீ நினைக்கிற மாதிரி இது லேசான விசயமில்லை. ஏப்ரலில் என் அகதிக் கேஸ். கொழும்பில் ஒதுங்க ஓர் இடமும் இல்லை என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பொய்யில்லை, வீடு என்னுடையது அல்லவே. ஆனால் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் பொறுப்பாளர் என்று நானே சத்தியம் செய்தால் இங்கத்தை அதிகாரிகள் என்னை இருக்க விடுவார்களா?

ஒன்று செய்வோம். நான் நாட்டைவிட்டு வெளிக்கிட முந்திய திகதி போட்டு உன் பேரிலும் ஓர் அற்றோணித் தத்துவம் அனுப்புகிறேன். எனக்குப் பதிலாக நீயே சத்தியம் செய். மாமாவைக் கோபிக்காதே. ஒருவரும் முன்வராத நேரத்தில் வந்த மனிதர்.

அந்தப் பெண்ணுக்குக் கடவுள் துணை.

அன்பு அண்ணன்,
சிவபாலன்

வெள்ளவத்தை,
10.03.1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் மனச்சாட்சிக்கு நான் எப்படிச் சத்தியம் செய்வது? ஸாலிஹிடம் கேட்டேன். சிரித்தார்.

உறுதியில் அந்த வரி ஏன் இருக்கிறதென்று உங்களுக்கு மறந்துவிட்டது. 'தங்க வந்தவரை அனுப்புவதாயின் பொறுப்பாளர் இருவரும் நேரில் முகம் கண்டே தீர்மானிக்க வேண்டும்.' 83 கலவரத்தில் பெரியப்பா ஓடிப்போய்த் தட்டிய வீட்டுக்காரர் வெளியே வரவில்லை. 'இடமில்லை' என்று சொல்ல வேலைக்காரனை அனுப்பினார்.

நானும் யோக்கியமில்லை. பொலிசுக்குப் போன கடிதத்தைப் பார்த்தேன். நீங்கள் ஒப்பமிட வேண்டிய இடத்தில் சிவபாதசுந்தரத்தாரின் ஒப்பம். பக்கத்தில் என் கையெழுத்து. வீட்டு அலுவல்களுக்கு ஒவ்வொரு முறையும் அவருடைய கொள்ளுப்பிட்டி ஒபிசுக்கு அலைய வேண்டாம் என்று அவருக்கு ஐந்து வெறுந்தாளில் ஒப்பமிட்டுக் கொடுத்திருந்தேன். நீங்கள் தத்துவம் கொடுத்தீர்கள், நான் தாள் கொடுத்தேன். இதைச் சத்தியக் கடதாசியில் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்க விட்டார்கள். ஒரு காது கேட்கவில்லை. "நான் என்னா தப்பு செஞ்சேங்க மிஸ்? ரூமக் கூட்டித்தானே வச்சிருந்தேன்" என்றான்.

எழுதுங்கள் அண்ணா.

பத்மாவதி

வெள்ளவத்தை,
06.04.1997

அண்ணா,

புதன்கிழமை றோஸி செத்துப்போனாள். புருசன் தோட்டத்துக்குப் போயிருக்கிறான் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன். "பொண்டாட்டியப் போட்டுட்டுப் போற ஆளு இல்லைங்க அவரு" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. அடக்கத்துக்கு இருளப்பனை விடவில்லை. உள்ளே போய் அவனுக்குச் சொன்னது நான். தத்துவம் கொடுத்து அனுப்ப எனக்கு ஆளில்லை.

நேற்று லண்டனுக்குக் கோல் எடுத்தேன். "அவர் யோசிக்கிறார் பத்மா. என்னெண்டாலும் நான் சொல்லிவிடுறன்" என்றார் அண்ணி. பின்னால் நீங்கள் செருமியது கேட்டது.

மாட்டீர்கள் என்றால், அதையாவது உங்கள் கையால் எழுதுங்கள்.

பத்மாவதி

வெள்ளவத்தை,
02.07.1997

அண்ணா,

உங்கள் கேஸ் வென்றதாம். சிவபாதசுந்தரத்தார் வீடு முழுக்க லட்டுக் கொடுத்தார். இனி உங்களுக்குப் பயமில்லை.

இருளப்பன் இன்னும் உள்ளேதான். போன முறை என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்பினான்.

சத்தியக் கடதாசியை எப்போது அனுப்புகிறீர்கள்?

பத்மாவதி